யாரும் மிதிக்காத பிரேக்

கொஞ்சம் கிட்ட நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் தப்பில்லை. கொட்டகைக் கதவு பூட்டியிருக்க, உள்ளே ஆளே இல்லாமல் இருக்க, ஒரு காரின் பிரேக்கை யாரோ விடாமல் மிதித்துக்கொண்டிருந்த கதையை இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன். பேய்க் கதை என்று பயந்துவிடாதீர்கள். பேயாக இருந்திருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தோடு போயிருக்கும். இது அப்படிப் போகவில்லை.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெரு. அங்கே நல்லமுத்து என்று ஒருவர். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில் நின்றுகொண்டிருந்த பழைய அம்பாசிடர் காரை வாங்கி வந்தார். எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. பால் வெள்ளை நிறம், முன்னால் வட்டக் கண்ணாக இரண்டு விளக்கு. அதற்குச் செவந்திப்பூ மாலை போட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டினார். ஏசி வண்டி ஆயிரம் இருந்தாலும், மாப்பிள்ளை இறங்கும்போது போட்டோ எடுக்க இந்த வண்டிதான் வேண்டும் என்று கம்மாபுரம், வேப்பூர் பக்கமெல்லாம் கேட்டு வருவார்கள்.

அவர் மனைவி வாசுகி, பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீட்டில் மீட்டர் பலகையில் ஃப்யூஸ் கட்டை இருக்கிறதே, வெள்ளைப் பீங்கானில், அதைச் செய்கிற கம்பெனி. சூளையிலிருந்து வந்த கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விளக்கு வைத்துச் சோதித்து, நல்லது வேறு ஓட்டை வேறு என்று பிரிப்பது அவள் வேலை.

அன்றைக்கு நவம்பர் பதினொன்று. கம்மாபுரத்து மாப்பிள்ளையை ஏழு மணிக்குள் மண்டபத்தில் இறக்க வேண்டும். நல்லமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றிக்கு விபூதி பூசி, கொட்டகைக்குள் போய்ச் சாவியைத் திருகினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்னொரு முறை திருகினார். அந்த 'டொக்'கும் வரவில்லை.

"செத்துப்போச்சு" என்றார் வெளியே வந்து.

வாசுகி கையிலிருந்த கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயையோ, யாருங்க?"

"பேட்டரிடி."

"நல்ல நாளும் அதுவுமா ஏங்க இப்படிச் சொல்றீங்க. ஒரு நிமிஷம் எனக்கு உசுரே இல்ல."

தெருவில் ஆறு பேரைக் கூப்பிட்டு வண்டியை வெளியே தள்ளப் பார்த்தார்கள். வண்டி நகர மாட்டேன் என்றது. ஆறு பேரும் மூச்சு வாங்கினார்கள். "யோவ், சோறுதான் தின்றீங்களா, இல்ல காத்தக் குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று நல்லமுத்து உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஏசினார். ஒருவழியாகத் தெருவுக்கு இழுத்து வந்து, மழைத் தூறலில் நிறுத்தி, ஒரு வேன்காரரைப் பிடித்து அவர் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது மணி ஏழேகால். மாப்பிள்ளை அதற்குள் அவர் சித்தப்பா பைக்கில் ஏறி மண்டபத்துக்கே போய்விட்டார்.

அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இரண்டாம் தேதி ஒரு காலை, ஆறாம் தேதி ஒரு காலை, இப்போது பதினொன்று. இடையில் எல்லா நாளும் வண்டி முதல் திருகலிலேயே உறுமியது. பேட்டரி புதுசு. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்து, "எல்லாம் கரெக்டா இருக்குதுங்களே" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள்.

மதியம் நல்லமுத்து வீடு திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார்.

"என்னா எழுதறீங்க?"

"பிராது."

உங்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. யாராவது நமக்குத் தீங்கு செய்துவிட்டால், பொருள் களவு போனால், கோர்ட்டில் மனுக் கொடுப்பது போலக் குறையைத் தாளில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பேர். சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார் என்று நம்பிக்கை. விளையாட்டுக்குக் கட்டுகிற காரியம் இல்லை அது.

"யார் மேலங்க?"

"வேற யாரு? அந்த ஜெயராஜு மேலதான்."

ஜெயராஜ் கடலூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். முப்பது வருஷமாக நல்லமுத்துவுக்குத் தம்பி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக இங்கே வந்து, வண்டியில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் பானட்டைத் திறந்து பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இட்லியும் கறியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அவர் மனைவி செல்வநாயகியும் வாசுகியும் பீங்கான் கம்பெனியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருகிறவர்கள். ஒருத்தி தட்டிப் பார்த்ததை மற்றவள் விளக்கில் வைத்துப் பார்ப்பாள். இருபது வருஷமாக அப்படி.

"அவரு என்னா பண்ணாரு பாவம்?"

"கொட்டாய்ச் சாவி இன்னொண்ணு அவன்கிட்ட இருக்குது. வண்டிய குடுண்ணே குடுண்ணேன்னு எத்தினி தடவ கேட்டிருக்கான்! நான் தரமாட்டன்னதும், தெனம் ஸ்டார்ட் ஆவலன்னா கெழவன் வெறுத்துப் போயி வித்துடுவான்னு திட்டம் போட்டுட்டான்."

"யாரும் உள்ள வரலீங்க. நான் பாத்துட்டன்."

அது உண்மைதான். இரண்டாம் தடவை பேட்டரி போனபோதே இவர் 'யாரோ உள்ளே வருகிறார்கள்' என்று முணுமுணுத்ததைக் கேட்டு, கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலம் வெள்ளைக் களிமண் தூள் கொண்டுவந்து, தினமும் சாயங்காலம் கொட்டகை வாசலிலும் ஜன்னலுக்குக் கீழும் சலித்து விட்டிருந்தாள். பதினொன்றாம் தேதி காலை அவர் கால் வைப்பதற்கு முன்பே டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். ஒரு பூனை போய் வந்த தடம் மட்டும் இருந்தது.

"பூனை மட்டுந்தான் வந்திருக்குது" என்றாள்.

"செருப்பக் கழட்டிட்டு வந்திருப்பான்."

"காலையுமா கழட்டிட்டு வந்திருப்பாரு?"

நல்லமுத்துவுக்கு மேலும் கோபம் வந்தது. "அப்ப உள்ள வராமலே பண்றான். போன மாசக் கடைசில பிரேக் லைட்டு சுவிட்சு மாத்துனான்ல? அன்னைக்கே ஒயர்ல ஏதோ வச்சுட்டான். அதுக்கு முன்னாடி இந்தப் பேட்டரி ஒரு நாளாவது செத்திருக்குதா, சொல்லு?"

சுவிட்ச் மாற்றியது உண்மை. பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல் போய், வேப்பூர்ச் சாலையில் ஒரு பையன் ஸ்கூட்டரோடு வந்து முட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஜெயராஜ்தான் பழைய சுவிட்சைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். கோளாறு தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

"அவரு வேதக்காரரு" என்று கடைசியாக ஒரு வழக்கறிஞர் பாயிண்டைப் போட்டாள். "கொளஞ்சியப்பரு நோட்டீஸு அவருக்குப் போய்ச் சேருமா?"

நல்லமுத்து பேனாவை நிறுத்தி ஒரு நிமிஷம் யோசித்தார். "வண்டி நம்முது. குத்தம் நடந்த எடம் நம்ம கொட்டாயி. அதெல்லாம் அவரு எல்லைக்குள்ளதான் வரும். வெள்ளிக்கிழம போயி கட்டப் போறன்."

வெள்ளிக்கிழமை பிராது ஏறினால் சனிக்கிழமை அந்த மேசையில் செல்வநாயகிக்கு எதிரே எப்படி உட்காருவது? சாமி முன்னால் ஒரு மனுஷன் பேரைக் குற்றவாளி என்று எழுதிக் கட்டிய பிறகு, அவர் வீட்டுத் தண்ணீரை எந்த வாயால் குடிப்பது? வாசுகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கையில் இருந்தது மூன்று நாள்.

அவள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடைந்த பீங்கானை அவள் அப்படியே குப்பையில் போட மாட்டாள். விரிசலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். விரிசலுக்குள் பளபளப்புப் பூச்சு இறங்கியிருந்தால் அது சூளைக்குப் போகும் முன்பே வந்தது, மண் பிசைந்தவர் தவறு. ஓரம் கத்தி போல வெட்டினால் அது ஆறும்போது வந்தது, சூளையை அவசரப்பட்டுத் திறந்தவர் தவறு. "யார் உடைச்சதுன்னு கேக்காத, எப்ப உடைஞ்சுதுன்னு கேளு. அதுவே ஆளைக் காட்டிடும்" என்பாள் செல்வநாயகியிடம். அந்தப் புத்தியைத்தான் இப்போது வண்டியிடம் காட்டினாள்.

எப்போது செத்தது? இரண்டு, ஆறு, பதினொன்று. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தாள். கிழமையில் ஒற்றுமை இல்லை. அமாவாசை பௌர்ணமியும் ஒத்து வரவில்லை. மழை பெய்த நாளும் உண்டு, பெய்யாத நாளும் உண்டு. வண்டி தூரம் போய் வந்த நாளா? அதுவும் இல்லை. பத்தாம் தேதி வண்டி எங்கேயுமே போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் கொட்டகைக்குள் போய்ச் சும்மா நின்றாள். வண்டி மேல் தடித்த தார்ப்பாய் தரை வரைக்கும் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒன்று தோன்றியது. பேட்டரி செத்த மூன்று காலையிலும் இந்தத் தார்ப்பாயை உதறியிருக்கிறோம். கரித்தூசி மண்டிக் கிடந்தது. மற்ற நாளில் உதறிய ஞாபகமே இல்லையே?

தூசி எங்கிருந்து வரும்? வண்டியின் மூக்குக்கு எதிரே இருந்த கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொளஞ்சிநாதனின் சூளை. அகல் விளக்கும் பொம்மையும் சுடுகிற பட்டறை. கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம் என்பதால் இரவு பகலாக விளக்கு செய்துகொண்டிருந்தான். வாசுகி நேரே அங்கே போனாள்.

அவளைக் கண்டதும் கொளஞ்சிநாதன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அக்கா, பொகைக்குத்தான வந்தீங்க? கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்குங்கக்கா. மாமா வெள்ளச் சட்ட கருப்பாச்சுன்னா நானே தொவைச்சுக் குடுத்துடறன்."

"பொகையக் கேக்கல. தேதியக் கேக்கறன். இந்த மாசம் எந்தெந்தத் தேதி சூளைக்கு நெருப்பு வச்ச?"

"எதுக்குக்கா?"

"சொல்லேன், சொல்றன்."

அவன் சூளை வாய்க்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினான். நெருப்பு வைக்கிற ஒவ்வொரு நாளும் சுவரில் விபூதியால் ஒரு பட்டை போட்டு, பக்கத்தில் கரித்துண்டால் தேதி எழுதுவது அவன் அப்பா காலத்துப் பழக்கம். ஒன்று, ஐந்து, எட்டு, பத்து என்று இருந்தது.

வாசுகி விரல் விட்டு ஒத்துப் பார்த்தாள். ஒன்றாம் தேதி நெருப்பு, இரண்டாம் தேதி காலை பேட்டரி செத்தது. ஐந்துக்கு ஆறு. பத்துக்குப் பதினொன்று. ஆனால் எட்டு? ஒன்பதாம் தேதி காலை வண்டி ஒழுங்காக ஓடியதே. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். எட்டாம் தேதி ராத்திரி வண்டி வீட்டிலேயே இல்லை. வேப்பூரில் ரிசப்ஷனுக்குப் போய் மண்டபத்து வாசலிலேயே நின்றது.

"அடுத்தது எப்ப வைக்கப் போற?"

"நாளைக்குக் காலைல, வெள்ளெனவே. என்னாக்கா, நாள் நட்சத்திரம் பாக்கற மாதிரி கேக்கறீங்க?"

"பேட்டரிக்கு ஜாதகம் பாக்கறன்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சூளைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற குறுகுறுப்பு இருக்கிறதே, அது பயத்தையே பாதி தின்றுவிட்டது. வியாழக்கிழமை வேலையில் செல்வநாயகி இரண்டு முறை கேட்டுவிட்டாள், "என்னாடி, தட்டுன கட்டையவே திரும்பத் தட்டற?" என்று.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தவள் பையை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். சூளைப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். தோசைக்கல் ஆறும்போது இருக்குமே, அந்தச் சூடு. கொட்டகை முழுக்க அனல். வண்டியைச் சுற்றி நடந்து, பின்பக்கம் குனிந்து தார்ப்பாயைத் தூக்கினாள்.

இரண்டு சிவப்பு விளக்கும் முழுசாக எரிந்துகொண்டிருந்தன.

தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டாள், கண்ணுகளா. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் முன்னால் யாரோ பிரேக்கை மிதிக்கிறார்கள் என்று அர்த்தம். மெல்ல முன்னால் போய், தார்ப்பாயை விலக்கி, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். சீட்டில் ஆள் இல்லை. கதவைத் திறந்தாள். மிதியில் கால் இல்லை. கையால் அந்தப் பிரேக் மிதியை அழுத்திப் பார்த்தாள். கல்லை அழுத்துவது போல இருந்தது, இம்மியும் இறங்கவில்லை.

டீக்கடையிலிருந்து வந்த நல்லமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் வாயைப் பிளந்தார். பிறகு தொடையைத் தட்டினார்.

"பாத்தியா! நான் சொன்னன்ல? சாவி போடாம லைட்டு எரியுது பாரு! ஒயர்ல வச்சுட்டான்டி. ராத்திரி பூரா இது எரிஞ்சா பேட்டரி சாவாம என்னா பண்ணும்? இனிமே பேச்சே இல்ல, நாளைக்குக் காலைல மொதப் பூசைக்கே போறன்."

காப்பாற்றப் போய் ஜெயராஜின் கழுத்தையே இறுக்கிவிட்டோமோ என்று வாசுகிக்குத் தோன்றியது. ஆனாலும் விடவில்லை. "கட்டறதுன்னா கட்டுங்க. அதுக்கு முன்னாடி அவர இங்க கூப்புட்டு, மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ கேட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் ஜெயராஜ் வந்துவிட்டார். டிவிஎஸ்ஸை நிறுத்தும்போதே, "என்னா அண்ணி, ஆளில்லாம லைட்டு எரியுதாமே? அண்ணன் பஸ்ல ஏத்தாம விட்டுட்டுப் போன பாசஞ்சரு யாராவது உள்ள வந்து குந்திக்கினு மிதிக்கிறாங்களா?" என்று சிரித்தபடி வந்தார். நல்லமுத்து சிரிக்கவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்த தாள் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

ஜெயராஜ் வண்டிக்கு அடியில் படுத்தார். அந்தப் பழைய வண்டியில் பிரேக் விளக்குச் சுவிட்ச் மிதியின் பக்கத்தில் இருக்காது. பிரேக் ஆயில் ஓடுகிற குழாயிலேயே திருகி வைத்திருக்கும். மிதித்தால் ஆயில் குழாயை நெருக்கும், அந்த நெருக்கலில் சுவிட்ச் ஒட்டும், விளக்கு எரியும். சுவிட்சிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. மாட்டினார். எரிந்தது.

"ஒயர்ல ஒண்ணும் இல்லண்ணே. ஆனா யாரோ ஒரு மகராசன் பழைய காலத்துலயே பேட்டரிலேருந்து நேரா லைன் குடுத்திருக்கான். அதான் சாவி போடாமலே எரியுது."

"அப்ப நீ மாட்டுன சுவிட்சுதான் கெட்டுது" என்றார் நல்லமுத்து, கல்லாக.

"அப்படித்தான் தெரியுது. என் மேலதான் தப்பு போலருக்குது. இருங்க, வேற மாட்டிடறன்." அவர் அப்படி உடனே ஒத்துக்கொண்டது வாசுகிக்கு என்னவோ செய்தது.

ஸ்பேனரால் சுவிட்சை அரைச் சுற்று தளர்த்தினார். 'சர்ர்' என்று ஆயில் பீச்சிக்கொண்டு அவர் கழுத்திலும் சட்டையிலும் அடித்தது. அதே நொடியில் சிவப்பு விளக்கு அணைந்துபோனது.

ஜெயராஜ் கழுத்தைத் துடைக்கக்கூட இல்லை. படுத்தபடியே யோசித்தார். "நிறுத்தி வச்ச வண்டில ஆயிலு இப்படிப் பீச்சக் கூடாதே" என்றார் தனக்குத்தானே. சுவிட்சை முழுசாகக் கழற்றி, வாசுகி கம்பெனியில் வைத்துச் சோதிப்பது போல ஒரு விளக்கை மாட்டிப் பார்த்தார்கள். சுவிட்ச் ஒழுங்காக இருந்தது. "சுவிட்சு பொய் சொல்லல அண்ணி. யாரோ மிதிக்கிறாங்கன்னு நெசமாவே அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

அப்போதுதான் வாசுகி தன்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டினாள். சூளைத் தேதி, சுவர்ச் சூடு, கல் மாதிரி இருந்த மிதி. ஜெயராஜ் சுவரில் கை வைத்துப் பார்த்தார். திரும்ப அடியில் நுழைந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அண்ணே, மிதிக்கு அடில இருக்குற இந்த ராடை யாரு ஏத்துனது? நட்டுல புதுசா ஸ்பேனர் தடம் இருக்குது."

நல்லமுத்து தார்ப்பாயின் ஓரத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"நான் ஏத்தல. வேற மெக்கானிக் யாராவது கை வச்சாங்களா?"

"நான்தான்" என்றார் நல்லமுத்து. குரல் கீழே போயிருந்தது. "நீ சுவிட்சு மாத்திட்டுப் போன மறுநாளு. பெடல் கொஞ்சம் கீழ போவுற மாதிரி இருந்துது. பஸ்ஸுல எனக்கு எப்பவும் கால் வச்சதும் பிடிக்கணும். டிப்போல சொல்லி மேல ஏத்தி வச்சுக்குவன். அந்த ஞாபகத்துல..."

"எத்தினி சுத்து ஏத்துனீங்க?"

"போற வரைக்கும்."

ஜெயராஜ் வெளியே வந்து உட்கார்ந்தார். வாசுகியைப் பார்த்துத்தான் சொன்னார். "மிதிக்கும் அதுக்குப் பின்னால இருக்குற ராடுக்கும் நடுவுல ஒரு நூல் எடம் விடணும் அண்ணி. கால எடுத்ததும் ஆயிலு அந்த வழியா டப்பாவுக்குத் திரும்பிப் போவும். அண்ணன் அந்த நூல் எடத்தையும் அடைச்சிட்டாரு. சூளை எரியறப்ப கொட்டாயி கொதிக்குது, ஆயிலு விரியுது, போக வழியில்ல. உள்ளயே நெருக்கி சுவிட்சத் தள்ளுது, வீலையும் பிடிச்சுக்குது. அதான் வண்டி தள்ளவும் வந்திருக்காது."

"ஆறு பேரு தள்ளியும் நவரலயே!" என்றாள் வாசுகி. "வெளிய மழைல நின்னதும் குளுந்து போயி லைட்டும் அணைஞ்சிருக்கும். அதான் எந்த எலக்ட்ரீஷியன் வந்தாலும் ஒண்ணும் தெரியல." அவள் முகம் விளக்கேற்றியது போல ஆகிவிட்டது. எத்தனை நாள் குடைந்த விஷயம்! அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் நிற்கிற மனுஷனை ஒரு நிமிஷம் மறந்தே போனாள்.

நல்லமுத்துவின் கை சட்டைப் பையில் இருந்தது.

ஜெயராஜுக்கு ஒன்றும் தெரியாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்து, சிரித்து அனுப்பியிருக்கலாம். வாசுகியும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் சாமி பேருக்கு எழுதியதை எடுத்தோம் கிழித்தோம் என்று போட்டுவிட அவரால் முடியவில்லை. தாளை எடுத்து நீட்டினார்.

"இத ஒரு தடவ படிச்சுடு."

"கையெல்லாம் ஆயிலா இருக்குதுண்ணே. என்னாது? அண்ணி, நீங்க படிங்க."

வாசுகி கணவனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் படித்தாள்.

"அருள்மிகு கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, விருத்தாசலம் நல்லமுத்து எழுதிக்கொள்ளும் பிராது. மேற்படி ஊரில் மெக்கானிக் வேலை செய்யும் ஜெயராஜ் என்பவர், எனக்குச் சொந்தமான வண்டியை அபகரிக்கும் கெட்ட எண்ணத்துடன், மேற்படி வண்டியின் பேட்டரி இறங்கும்படி வஞ்சகம் செய்து வருகிறார். மேற்படி நபரைத் தாங்கள் விசாரித்து..."

அதற்கு மேல் படிக்காமல் அவள் தாளை மடித்தாள். ஜெயராஜ் ஒரு கந்தல் துணியை எடுத்துக் கையை நிதானமாகத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"மேற்படி நபரு" என்றார்.

"டீ போடறன் தம்பி" என்றாள் வாசுகி.

"வேணாம் அண்ணி." கருவிப் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "ஆயிலு வெளிய போனதுல உள்ள காத்து ஏறியிருக்கும். பிரேக் பிடிக்காது. ஞாயித்துக்கிழம முகூர்த்தத்துக்கு வண்டி போவணும். காத்த எடுக்காம யாரும் நவுத்த வேணாம். நாளைக்கு வந்து எடுத்துடறன்." போய்விட்டார். அதில் ஒரு 'அண்ணே'கூட இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நல்லமுத்து பஸ் ஏறி மணவாளநல்லூர் போனார். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது கையில் விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது. அங்கே என்ன சொன்னார், என்ன எழுதினார் என்று எதையும் குடைந்து குடைந்து கேட்கிற வாசுகி அன்றைக்குக் கேட்கவில்லை. வேலைக்கும் லீவு சொல்லியிருந்தாள்.

பதினோரு மணிக்கு ஜெயராஜ் வந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. முதல் காரியமாக அந்த ராடைத் தளர்த்தி, நூல் இடம் விட்டு நட்டை இறுக்கினார். பிரேக் விளக்கு சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி கம்பியை மாற்றினார். அதற்குப் பிறகுதான் காற்று எடுக்கிற வேலை.

அந்த வேலையை ஒருவராகச் செய்ய முடியாது, கண்ணுகளா. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நட்டைத் திறந்து மூட வேண்டும். மிதித்துப் பிடித்திருக்கும்போது திறந்தால் ஆயிலோடு காற்று குமிழியாக, கீழே வைத்த புட்டிக்குள் வரும். மேலே இருப்பவர் சொல்லாமல் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நாலு சக்கரத்துக்கும் இதையே செய்ய வேண்டும். பேசாமல் இருக்க வழியில்லை.

நல்லமுத்து போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார்.

"மிதிங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"மிதிச்சாச்சு."

"பிடிங்க."

"பிடிச்சிருக்கன்."

"விடுங்க."

முதல் சக்கரம் அப்படியே போனது. இரண்டாவதும் அப்படியே. வாசுகி ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சக்கரத்தில், மிதியை அழுத்திப் பிடித்தபடியே நல்லமுத்து சொன்னார்:

"தப்புதான்டா, ஜெயராஜு."

கண்ணாடிப் புட்டியில் குமிழி வருகிற சத்தம் மட்டும்.

"என் கையால நானே பண்ணிட்டு உன் பேர எழுதிட்டன். அதுவும் சாமிகிட்ட."

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கன்."

"கால எடுத்துடாதீங்க."

"எடுக்கல."

கால் நடுங்க ஆரம்பித்தது. அறுபத்திரண்டு வயசுக் கால். அவர் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று வாசுகிக்குத் தெரியாது, ஆனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஜெயராஜ் அவரைப் பிடிக்க வைத்தார் என்று அவளுக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

நாலாவது சக்கரம். மிதித்தார், பிடித்தார், விட்டார். மிதித்தார், பிடித்தார், விட்டார். புட்டியில் குமிழி நின்று ஆயில் மட்டும் தெளிவாக வந்தது.

"போதும்ணே" என்றது குரல். "கால எடு."

நல்லமுத்து காலை எடுத்தார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஜெயராஜ் வெளியே வந்து, முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டே வாசுகியிடம், "கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க அண்ணி. பசி வந்துடுச்சு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழம கறி இருக்காது. என்னா இருக்குது?" என்றார்.

"கத்திரிக்கா கொழம்பு" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.

"போடுங்க. அவருக்கும் போடுங்க. மேற்படி நபரு பக்கத்துல குந்தி சாப்புடுவாரான்னு கேட்டுக்குங்க."

சனிக்கிழமை வாசுகி கம்பெனிக்குப் போனாள். செல்வநாயகி ஏற்கெனவே மேசையில் இருந்தாள். பிராது விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது; நிமிர்ந்து பார்க்காமல் கட்டைகளை விளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு ஒரு கட்டையைத் தூக்கி வாசுகி பக்கம் தள்ளினாள். "இதுல ஒரு விரிசல் இருக்குது. எப்ப வந்ததுன்னு நீயே சொல்லு, என்னால முடியல" என்றாள். இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்தன.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், உங்களைத் தேடுவார்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், வெளியே போன வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நின்று பத்திரமாகத் திரும்பட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் அண்ணே, அண்ணி, அக்கா என்று உறவு சொல்லியே உங்களைக் கூப்பிடட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.